சரிவு நிலத்தில் வீடு: மலையை வெட்டுமுன் ஒரு கணக்கு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமாக நான் பேச வந்தால் உருளைக்கிழங்குக்கு விதைநேர்த்தி, தேயிலைக்குக் கவாத்து, காரட்டுக்கு அடியுரம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு வீடு கட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண்மை அதிகாரிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இதை என்ஜினீயர் அல்லவா பேச வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீலகிரியிலே நான் தோட்டம் பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம், மண் மாதிரி எடுத்து முடித்த பிறகு, "சார், அந்தக் கீழ்ப் பாத்தியிலே பையனுக்கு ஒரு வீடு போடலாம்னு இருக்கோம், ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்று அழைத்துப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் பொக்லைன் வந்து மலையைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. வெட்டிய மேட்டுக்கு ஒட்டினாற்போலக் கடைக்கால் கயிறு கட்டியிருக்கிறது. வெட்டி எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, அதன் மேலே வீட்டின் முன்பாதி வரப்போகிறது.

மண்ணும் தண்ணீரும் சரிவில் எப்படி நடந்துகொள்ளும் என்பது நம்முடைய துறை. ஆகவே சுவர், கம்பி, கான்கிரீட் பற்றிய பேச்சை என்ஜினீயருக்கு விட்டுவிட்டு, மண்ணையும் தண்ணீரையும் பற்றி நான் சொல்கிறேன். சட்டத்திட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் நிலம் எவ்வளவு சரிவு என்று அளந்து பாருங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நேரான பத்தடி மூங்கில் ஒன்று, கொத்தனாரிடம் இருக்கிற ரசமட்டம் ஒன்று, ஒரு டேப், இவ்வளவு போதும். மூங்கிலின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மறு முனையைப் பள்ளத்துப் பக்கம் தூக்கிப் பிடித்து, ரசமட்டம் பார்த்து மட்டமாக்குங்கள். தூக்கிப் பிடித்த முனைக்கும் தரைக்கும் எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டரை அடி இருந்தால் நாலுக்கு ஒன்று சரிவு, அதாவது சுமார் 14 டிகிரி. ஐந்தே முக்கால் அடி இருந்தால் 30 டிகிரி ஆகிவிட்டது. அந்த அளவுக்குச் செங்குத்தான இடத்தில் வீட்டு யோசனையையே விட்டுவிடுங்கள். புல்லோ, மரமோ, தேயிலையோ இருந்துவிட்டுப் போகட்டும். ஓர் இடத்தில் மட்டும் அளந்து விட்டுவிடாமல், வீடு வரப்போகிற இடத்தில் நாலைந்து தடவை அளந்து பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நிலம் நாலுக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது 600 சதுர அடி வீடு. கொத்தனார் சமவெளியில் கட்டிப் பழகியவர். அவர் 24 அடி அகலம், மலையை நோக்கி 25 அடி ஆழம் என்று சதுரமாகப் போட்டுத் தருவார். பின்சுவருக்கும் முன்சுவருக்கும் தரை எத்தனை அடி இறங்கும்? 25ஐ நாலால் வகுத்தால் ஆறேகால் அடி. முழுவதையும் வெட்டி மட்டமாக்கினால் 1,875 கன அடி மண் வெளியே வரும். நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஏறக்குறைய 19 யூனிட் மண். அதை எங்கே கொட்டுவீர்கள்?

அதே 600 சதுர அடியை, மலையின் போக்கிலேயே நீளமாக 40 அடி, ஆழம் 15 அடி என்று போட்டுப் பாருங்கள். இறக்கம் மூன்றே முக்கால் அடிதான். மண் 1,125 கன அடி. இன்னும் ஒரு படி போய், அந்த 15 அடியை இரண்டு ஏழரை அடியாகப் பிரித்து, மேல்பாதியை ஒரு மட்டத்திலும் கீழ்ப்பாதியை இன்னொரு மட்டத்திலும் வைத்தால், வெட்டுகிற மண் ஐந்தரை யூனிட் சொச்சம்தான். இரண்டு மட்டத்துக்கும் நடுவே இரண்டடிக்கும் குறைவான உயரம், 22½ அங்குலம். ஏழரை அங்குலப் படியாக மூன்று படி. வீட்டுக்குள்ளே மூன்று படி ஏறி இறங்குவது பெரிய கஷ்டமா? வயசான அப்பா அம்மா இருந்தால் அவர்கள் அறை, கூடம், கழிப்பறை மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடுங்கள். ஏழரை அடி அகலத்தில் அறை குறுகலாகத் தெரிந்தால், படுக்கை அறை இருக்கிற பக்கம் மட்டும் மட்டத்தை மாற்றாமல் விட்டு, கூடமும் சமையலறையும் இருக்கிற பக்கத்தில் படி வைக்கலாம். வீட்டுக்கு வீடு மாறும்.

இந்தக் கணக்கில் ஒன்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. அதுதான் முக்கியம். வெட்டிய மேட்டுக்கும் வீட்டின் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி வேண்டுமல்லவா? மேடு எத்தனை அடி உயரமோ, அத்தனை அடியாவது இடம் விட வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்கிற கணக்கு. இடம் விட வேண்டுமென்றால் இன்னும் உள்ளே வெட்ட வேண்டும். உள்ளே வெட்ட வெட்ட மேடு உயரும். மேடு உயர்ந்தால் இடைவெளியும் கூட வேண்டும். இப்படித் துரத்திக்கொண்டே போனால், 25 அடி ஆழ வீட்டுக்கு மேடு எட்டேகால் அடிக்கு மேல் போய்த்தான் நிற்கிறது. 15 அடி ஆழ வீட்டுக்கு ஐந்தடி. இரண்டு மட்டமாகக் கட்டிய வீட்டுக்கு இரண்டரை அடி. வீட்டின் பரப்பு மூன்றிலும் ஒன்றேதான். எட்டேகால் அடி மேட்டின் கீழே தூங்குவதா, இரண்டரை அடி மேட்டின் கீழே தூங்குவதா என்பதைக் கடைக்கால் தோண்டுமுன் காகிதத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

"மண்ணு கல்லு மாதிரி இருக்குது சார், கடப்பாரை இறங்கல, இது எங்க சரியப்போகுது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். நம் மலையில் அடியில் இருப்பது சார்னகைட் என்கிற கடினமான பாறை. அது காலம் காலமாக உளுத்து, அதன் மேலே செம்மண் கனமாகப் படிந்திருக்கிறது. கோடையில் வெட்டினால் அது சுவர் மாதிரி நிற்கும். இரண்டு வருஷம், ஐந்து வருஷம் கூட நிற்கும். ஆனால் நாலு நாள் விடாமல் மழை பெய்து தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால், அதே மண் குழைந்துபோகும். ஒரு கன அடி ஈர மண் ஒரு சிமெண்ட் மூட்டை அளவுக்கு, அதாவது 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அடியில் பாறையும் மேலே ஊறிய மண்ணும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி பக்கங்களில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு மூன்று நாள் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பயிர்ச் சேதம் கணக்கெடுக்கப் போன இடத்தில் ஒரு வீட்டைப் பார்த்தேன். முன்பக்கம் பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை. திண்ணையில் பூந்தொட்டி கூட அப்படியே இருந்தது. பின்னறையில் மட்டும் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. மேட்டை ஒட்டி இரண்டடி இடைவெளிதான் விட்டிருந்தார்கள். வழக்கமாக அந்த அறையில் படுக்கிற பாட்டி, அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். அந்த வீட்டுக்காரர் நல்ல விவசாயி. அவருடைய தேயிலைத் தோட்டத்தில் ஒரு கூடை மண் அரித்துப் போகாது, அவ்வளவு அழகாகக் குழி எடுத்திருப்பார். தோட்டத்துக்கு எடுத்துக்கொண்ட சிரத்தையில் கால்பங்கு வீட்டின் பின்பக்கத்துக்கு இல்லாமல் போயிற்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததை நாடே பார்த்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மழை இந்த அளவுக்கு வரும் என்று வைத்துக்கொண்டுதான் இனிமேல் திட்டம் போட வேண்டியிருக்கிறது.

இடம் தேர்ந்தெடுப்பதில் விவசாயிகள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய உருளைக்கிழங்குப் படிக்கட்டு நிலம். பார்க்க மட்டமாக இருக்கும். "வெட்டுச் செலவே இல்லை" என்று தோன்றும். ஆனால் படிக்கட்டு எப்படி அமைத்தோம் என்று யோசித்துப் பாருங்கள். மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைத்தானே கீழ்ப்பாதியில் போட்டோம்? ஆகவே படியின் வெளி ஓரம் முழுவதும் போட்ட மண். தாத்தா காலத்தில் போட்டதாக இருந்தாலும் அது போட்ட மண்தான். கடைக்கால் வரப்போகிற நாலு மூலையிலும் ஐந்தடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். கரி, பழைய வேர், கறுப்பு மேல்மண் இவை குழியின் அடியில் தென்பட்டால் அது போட்ட மண் என்று அர்த்தம். அதற்கும் கீழே போய், கெட்டி மண் வந்த பிறகுதான் கடைக்கால். சரிவுக்குத் தக்கபடி கடைக்காலைப் படிப்படியாக இறக்கிக் கட்ட வேண்டும், ஒவ்வொரு படியும் மட்டமாக இருக்க வேண்டும். சரிவின் போக்கிலேயே சாய்வாகக் கடைக்கால் போடக் கூடாது. கீழ்ப்பக்கத்துச் சுவர் உயரமாக வந்து, அதன் அடியில் ஓர் இடம் கிடைத்தால் விதைக்கிழங்கு, கூடை, மண்வெட்டி வைக்க வசதிதான். மருந்து டப்பாவை மட்டும் அங்கே வைக்காதீர்கள். மேலே பிள்ளைகள் படுத்துத் தூங்குவார்கள்.

இன்னும் சில இடங்கள் ஆகாது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடைத்தடம், கோடையிலும் பச்சையாகக் கோரை வளர்ந்து காலில் சொதசொதவென்று இருக்கிற பள்ளம், மேலே எங்கேயாவது பழைய சரிவின் வடு தெரிகிற இடம். இவற்றை விலை குறைவு என்று சொல்லி உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே நம் விவசாய அனுபவம் பாதி உதவும், பாதி எதிராகப் போகும். தேயிலையில் விட்டு விட்டு நீள்குழி எடுக்கிறோம். மழைத் தண்ணீர் ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக. அது தேயிலைக்கு அமிர்தம். அதே குழியை வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவில் எடுத்தால், மேட்டை நாமே ஊற வைக்கிறோம் என்று அர்த்தம். வீட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கவே கூடாது. மேட்டின் விளிம்பிலிருந்து ஐந்தாறடி தள்ளி மேலே ஒரு வடிகால் வெட்டி, கல் பதித்துச் சிமெண்ட் பூசுங்கள். வெறும் மண் வாய்க்காலாக விட்டால் அதிலேயே கசிந்து உள்ளே போகும். நூறடிக்கு ஓரடி வாட்டம் இருந்தால் போதும், தண்ணீர் அமைதியாக ஓடும். அதைக் கொண்டுபோய் இயற்கையான ஓடையில் விட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் கொல்லையில் விட்டுவிட்டு வந்தால், அவருடைய மேடு சரியும், பிறகு தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

வீட்டுக்கு மேலே காய்கறிப் பாத்தி போட்டு ஸ்பிரிங்ளர் வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் அழுத்தமாக வரட்டும் என்று ஆயிரம் லிட்டர் தொட்டியை மேட்டின் விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் பாரம். அந்தத் தொட்டியின் இணைப்பில் ராத்திரி முழுவதும் சொட்டினால் யாருக்கும் தெரியாது.

கூரைத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 600 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் விழுகிறது. 200 லிட்டர் பேரல் 27 நிரம்பும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் சமவெளியில் செய்கிற மாதிரி வீட்டோரத்தில் குழி வெட்டி, ஜல்லி போட்டு, தண்ணீரை உள்ளே இறக்குவது செங்குத்தான சரிவுக்கு ஏற்றதல்ல. தாழ்வாரத்துக்குத் தகரத் தாங்கி வைத்து, குழாய் மூலம் தொட்டியில் சேமியுங்கள். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரும் குழாய் வழியாகவே வடிகாலுக்குப் போகட்டும். சேமித்த தண்ணீர் ஜனவரி, பிப்ரவரியில் நாற்றங்காலுக்கு உதவும். கழிப்பறைத் தொட்டியின் கசிவுக்குழியையும் மேட்டுப் பக்கம் வைக்காமல், வீட்டுக்குக் கீழே, தடுப்புச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்கும் கீழே யாராவது குடிக்கிற ஊற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

தடுப்புச் சுவர் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான சுவர்களை மண் தள்ளுவதைவிட, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர்தான் தள்ளிச் சாய்க்கிறது. அழகாக இருக்கட்டும் என்று துளையே இல்லாமல் சிமெண்ட் பூசி மூடிவிட்டால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் குளம் கட்டிக்கொள்ளும். மூன்று அங்குலக் குழாய்த் துண்டுகளை ஐந்தடிக்கு ஒன்றாக, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மாற்றி மாற்றி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். மூன்று நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் இல்லாத கல் அடுக்குச் சுவரே நல்லது, தண்ணீர் தானாக வழிந்துவிடும். அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும், சுவர் கொஞ்சம் மலைப் பக்கம் சாய்ந்து நிற்கட்டும். ஐந்தடிக்கு மேல் போனால் மேஸ்திரி பேச்சை மட்டும் நம்பாமல் என்ஜினீயரிடம் வரைபடம் வாங்கிக் கட்டுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கல் கட்டாத மேட்டை வெறுமனே விடாதீர்கள். வெட்டிவேரை அரையடிக்கு ஒரு தூர் வீதம், மலையின் போக்கிலே வரிசையாக நடலாம். தேயிலைத் தோட்டங்களில் வளர்க்கிற குவாத்தமாலா புல்லும் ஆகும். உறைபனி விழுகிற உயரமான இடங்களில் வெட்டிவேர் மெதுவாகத்தான் பிடிக்கும், அங்கே ஏற்கெனவே வளர்ந்து கிடக்கிற புல்லைச் செதுக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. மேட்டின் மேலே நிற்கிற மரத்தை "வீட்டு மேல விழுந்திடும்" என்று வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் வேர் உளுத்து, அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். மேலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட, 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சொந்த நிலத்து மரம் என்றாலும் வேண்டும். விளிம்பில் சாய்ந்து நிற்கிற கனத்த மரமாக இருந்தால் முறைப்படி மனுப் போட்டு எடுங்கள்.

இனி விதிமுறைக்கு வருவோம். "என் நிலம், என் வீடு, யாரைக் கேட்க வேண்டும்?" என்கிற பேச்சு மலையில் செல்லாது. தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஊராட்சியானாலும் பேரூராட்சியானாலும் நகராட்சியானாலும் வரைபட அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அதற்கு மேலே மலைக் கிராமங்களுக்கென்று மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 'ஹாக்கா' என்று பேச்சில் சொல்வார்களே, அது 1990லிருந்து இருக்கிறது. நீலகிரி மட்டுமல்ல, கோயம்புத்தூர், திண்டுக்கல் போன்ற மாவட்டங்களிலும் பல மலைக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே திருப்பூரிலோ ஈரோட்டிலோ இருக்கிற மச்சான் "நாங்க ஒரு வாரத்துல பிளான் வாங்கிட்டோம்" என்று சொல்வதை வைத்துக்கொண்டு கல், மணல் இறக்கிவிடாதீர்கள். நம் மலைக்குத் தனி விதி.

இடத்தைப் பொறுத்து வருவாய்த் துறை, வனத் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்பார்கள். "வீட்டுக்கு எதுக்குங்க வேளாண்மைப் பொறியியல்?" என்று ஒருவர் என்னிடம் கோபமாகவே கேட்டார். மண் அரிப்பைத் தடுக்க என்ன ஏற்பாடு, தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். இதுவரை நான் சொன்னதும் அதைத்தானே? வருகிறவரிடம் சண்டை போடாமல் வடிகால் எங்கே, தடுப்புச் சுவர் எங்கே என்று நடந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் இல்லாமல் கிடைக்கிற யோசனை.

பட்டா, சிட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, புல வரைபடம் இவற்றை முதலில் எடுத்து வையுங்கள். பாகம் பிரியாத கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் தம்பிகளிடம் இப்போதே பேசி உட்பிரிவு செய்துகொள்வது நல்லது. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் ஜென்ம நிலம், பிரிவு 17 நிலம் என்று வழக்கில் இருக்கிற நிலங்கள் உண்டு. அங்கே வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் வருவாய்த் துறையில் கேட்டுவிடுங்கள். யானை வழித்தடம் என்று அறிவித்த இடத்தையும் அப்படியே விசாரியுங்கள். விளைநிலமாகப் பதிவாகியிருந்தால் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நீலகிரியில் வீட்டின் உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்த வரம்பு. சரிவு நிலத்தில் முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருக்குமே, எங்கிருந்து அளப்பார்கள்? இதை வரைபடம் போடுகிறவரிடம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே கிழங்கு வைக்கிற அறையும் உயரத்தில் சேருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்கும் பாதைக்கும் விட வேண்டிய இடத்தை விதி சொல்லும். மேட்டுக்காக நாம் விடுகிற இடம் அதைவிட அதிகமாக வந்தால் அதிகத்தையே விடுங்கள். பொக்லைன் போன்ற இயந்திரங்களை அனுமதி இல்லாமல் மலையை வெட்டப் பயன்படுத்தவும் நீலகிரியில் தடை இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து ரெண்டு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்திடறேன்" என்று வண்டிக்காரர் சொல்வார். மண் வெளியே போக வழியில்லாமல் பள்ளத்தில் தள்ளுகிறவரும் அவர்தான், வண்டியோடு பிடிபட்டால் உங்கள் பெயரைச் சொல்கிறவரும் அவர்தான். ஐந்தரை யூனிட் மண்ணைக் கைவேலையாகவே நாலைந்து ஆட்கள் சில நாளில் வெட்டிவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"முதல்ல கட்டிடலாம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று சொல்கிற தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அனுமதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அனுமதி வர மாதங்கள் ஆகிறது என்ற குறை எனக்கும் தெரியும். அலைச்சல் உண்மைதான். மறுக்க மாட்டேன். அதனால்தான் கட்ட நினைக்கிற வருஷத்துக்கு முந்தின வருஷமே மனுப் போட்டுவிடுங்கள் என்கிறேன். அந்த ஒரு வருஷமும் வீண்போகாது. ஒரு மழைக்காலம் முழுவதும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்று, தண்ணீர் எந்த வழியே வருகிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வைக்கலாம். அந்தக் குச்சிகள் சொல்கிற விஷயத்தை எந்த வரைபடமும் சொல்லாது.

வீட்டுக்குப் போகிற பாதையை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். ஜீப் வாசல்வரை வர வேண்டும் என்று பாதை போட்டால், சில இடங்களில் வீட்டுக்கு வெட்டியதைவிடப் பாதைக்கு வெட்டியது அதிகமாகிவிடுகிறது. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு முப்பது படி நடக்க முடியுமானால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே மேட்டை ஒட்டிக் கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? இடிக்கச் சொல்ல மாட்டேன். மேல் வடிகாலைச் சுத்தம் செய்து பூசுங்கள், சுவரில் துளை இல்லாவிட்டால் தெரிந்த ஆளை வைத்துத் துளையிடுங்கள், கூரைத் தண்ணீரைக் குழாயில் விடுங்கள். படுக்கையை மேட்டுப் பக்க அறையிலிருந்து பள்ளத்துப் பக்க அறைக்கு மாற்றுங்கள். மழைக்காலம் முடிகிறவரையிலாவது. கூடலூர், அவலாஞ்சி பக்கத்தவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தவர்களுக்கு அக்டோபர், நவம்பரிலும் இது பொருந்தும்.

மேட்டின் மேலே தரையில் புதிதாக நீள வெடிப்பு தெரிந்தாலோ, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கலாக வந்தாலோ, நன்றாகச் சாத்திய கதவு இறுகிக்கொண்டாலோ, மின்கம்பமும் மரமும் முன்பு இல்லாத அளவுக்குச் சாய்ந்தாலோ, தடுப்புச் சுவர் வயிறு தள்ளினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே பிள்ளைகளையும் மாட்டையும் கூட்டிக்கொண்டு வேறிடம் போய்விடுங்கள். 1077 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் எடுப்பார்கள். வெடிப்பு தெரிந்தால் அதன் மேலே தார்ப்பாய் போட்டு மூடித் தண்ணீர் இறங்காமல் பார்க்கலாம். ஆனால் அதைச் செய்யப் போய் ராத்திரியில் யாரும் மேட்டில் ஏற வேண்டாம்.

புதிதாகக் கட்டப் போகிறவர்கள் மண் வேலையை ஜனவரிக் கடைசியில் தொடங்கலாம். ஏப்ரல், மே மழைக்கு முன்னால் தடுப்புச் சுவரும் மேல் வடிகாலும் முடிந்திருக்க வேண்டும். சுவர் எழுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு. நிறைய பேர் வீட்டை முடித்துவிட்டு, மிச்சப் பணத்தில் தடுப்புச் சுவர் என்று வைத்துக்கொள்கிறார்கள். மிச்சப் பணம் எந்த வீட்டில் இருந்திருக்கிறது சொல்லுங்கள்? வெட்டிவேர் நாற்று வேண்டியவர்கள் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். மழை தொடங்கின பிறகு நட்டால்தான் வேர் பிடிக்கும்.